டெரி வீட்டு ஃபியூஸ்

இந்த அறைக்கு நாலு டியூப்லைட் அதிகம், சார்ஜென்ட். மேசைக்கு நேர் மேலே, கொஞ்சம் மஞ்சள் நிறத்தில், மூன்று வாட்டில் ஒரே ஒரு எல்.இ.டி. போட்டால் என் முகம் உங்களுக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். உங்களுக்கும் சாயங்காலம் ஆனால் தலை வலிக்காது. நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து நீங்கள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

நான் வந்த காரியம் சின்னது. டெரி வீட்டுத் தீ பற்றி உங்கள் தீ ஆய்வாளரும் நீங்களும் எழுதிய அறிக்கையின் நகல் எனக்கும் வந்தது. அதில் நாலாம் பக்கத்துக் கடைசிப் பத்தியில் ஒரு பிழை இருக்கிறது. பாட்டரியை ஒட்டி இருக்க வேண்டிய ஃபியூஸ் இல்லை, அதன் இடத்தில் ஏதோ ஒரு செப்புத் துண்டு இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரி. வீட்டுக்காரரே வைத்திருக்கலாம் என்கிறீர்கள். அதற்கும் கீழே, இரண்டு நாள் முன்பு வயரிங்கைச் சோதித்த பக்கத்து வீட்டுக்காரர் நெவில் டாசன் இதைக் கவனிக்கத் தவறிவிட்டார் என்று ஒரு வரி.

கவனிக்கத் தவறிவிட்டார். முப்பத்து நாலு வருடம் சுரங்கத்தில் மின்வேலை பார்த்தவன் நான். பூமிக்கு அடியில் எண்ணூறு மீட்டரில் ஒரு ஃபியூஸ் கவனத்திலிருந்து தப்பினால் மறுநாள் எத்தனை வீட்டில் சாவு விழும் என்று தெரிந்து வேலை பார்த்தவன். அந்தத் தீயில் டெரியின் மனைவி மொய்ரா இறந்துபோனாள், ஊரே துக்கத்தில் இருக்கிறது, இந்த நேரத்தில் ஒரு வரிக்காக இந்தக் கிழவன் இருபது மைல் காரோட்டி வந்திருக்கிறானே என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றட்டும். பதிவுக் கருவி ஓடுகிறது அல்லவா? சரி.

முதலில் என் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால் கேட்காமலே சொல்லிப் பழகிவிட்டது.

வாட்டில் கல்லி என்கிற எங்கள் ஊரில், சாலை முடிகிற இடத்தில் இரண்டே வீடுகள், ஒன்று என்னுடையது. ஆறு வருடம் முன்பு வீட்டின் விளக்குகளை மட்டும் தெருக் கம்பியிலிருந்து பிரித்து, கூரையில் இரண்டு சோலார் பேனல், கொட்டகையில் ஒரு பாட்டரிப் பெட்டி என்று பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றினேன். இருபத்தோரு விளக்கு. சவரக் கண்ணாடிக்கு இரண்டு வாட், பாத்திரம் துலக்கும் இடத்துக்கு நாலு, படிக்கும் நாற்காலிக்கு மூன்று. அத்தனையும் சேர்ந்து எரிந்தால் நாற்பது வாட். முன்பு குளியலறையில் ஒரே ஒரு பல்பு இதைவிட அதிகம் தின்றுகொண்டிருந்தது. ஜூலைக் குளிர்காலத்தில் எங்கள் மேட்டுக்குப் பின்னால் சூரியன் மூன்று மணிக்கே போய் ஒளிந்துகொள்ளும், அப்போதும் என் வீட்டில் ஒரு விளக்குகூட மங்கியதில்லை. ஒவ்வொரு வயருக்கும் எண் உண்டு, சீட்டு உண்டு. என் மனைவி ஜோன் பதினோரு வருடம் முன்பே பிரிஸ்பேனுக்குப் போய்விட்டாள். இதைப் பார்க்க அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இந்தத் தீவில் இருநூற்று நாற்பது வோல்ட்டைத் தொட லைசென்ஸ் வேண்டும். பன்னிரண்டு வோல்ட்டை எவன் வேண்டுமானாலும் தொடலாம், தொட்டால் ஷாக் அடிக்காது என்பதால் சட்டம் கண்டுகொள்வதில்லை. விளைவு என்ன? ஓய்வு பெற்ற பல் டாக்டரும் பள்ளிக்கூட வாத்தியாரும் சனிக்கிழமை காலையில் கையில் திருப்புளியோடு விஞ்ஞானி ஆகிவிடுகிறார்கள். பன்னிரண்டு வோல்ட் கடிக்காது என்று ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொள்கிறார்கள்.

கடிக்காது, ஆனால் எரிக்கும். பாட்டரியின் இரண்டு முனையும் நடுவில் விளக்கு எதுவும் இல்லாமல் நேராகத் தொட்டுக்கொண்டால், பாட்டரி தன்னிடம் இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் அந்த வயரில் கொட்டிவிடும். வயர் தணலாகும். சுற்றி மரம் இருந்தால் மரம் பிடித்துக்கொள்ளும். இதைத் தடுக்க ஒரே ஒரு பொருள் போதும், பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஒரு ஃபியூஸ். தொட்ட கணத்தில் அது உருகி அறுந்துவிடும். விளக்குகள் அணையும், வேறு எதுவும் நடக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டெரியும் மொய்ராவும் மூன்று வருடம் முன்பு மெல்பர்னிலிருந்து கடல் தாண்டி வந்து பக்கத்து வீட்டை வாங்கினார்கள். டெரி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வாழ்நாள் முழுவதும் விசில் ஊதியே சம்பளம் வாங்கியவன், அதனால் எல்லாரும் தன் பக்கம் திரும்பிப் பார்ப்பது இயற்கை என்று நினைப்பான். மொய்ரா மாவட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெரும்பாலும் இரவு டியூட்டி. காலையில் வந்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, கனமான திரையை இழுத்துவிட்டுத் தூங்குவாள்.

வந்த முதல் வாரமே டெரி என் கொட்டகைக்குள் தலையை நீட்டினான்.

"என்ன மாப்ளே, உள்ள ஆகாயக் கப்பலா கட்டுற? எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணுமே."

என்னை யாரும் மாப்ளே என்று கூப்பிடுவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் ஒரு முழு நாள் செலவழித்து எல்லாவற்றையும் காட்டினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். பிறகு போய் ஏனோதானோவென்று ஒன்றைக் கட்டினான். பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் பழைய பாட்டரி, ஸ்பீக்கர் வயர், நிமிடத்துக்கு ஒரு நிறம் மாறும் கடைத்தெரு விளக்குப் பட்டைகள். வீடா, மதுக்கடையா என்று தெரியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. டெரிக்கு வேன் வயரிங் தெரியும், அவர்கள் வேனில் ஊர் சுற்றியவர்கள். வேனில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வயர்தான் போகும், மின்சாரம் திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாக. டெரி வீட்டையும் வேன் என்று நினைத்துவிட்டான். பாட்டரியின் ஒரு முனையைக் கூரைத் தகரத்தில் கட்டி, தகரத்தையே திரும்பும் வழியாக்கி, பாதி வயரை மிச்சம் பிடித்துவிட்டதாகப் பெருமைப்பட்டான். அதாவது, மற்ற முனையிலிருந்து வரும் வயர் எந்த இடத்தில் தோலுரிந்து தகரத்தைத் தொட்டாலும் பாட்டரி நேராகத் தன்னைத்தானே தொட்டுக்கொண்ட மாதிரி. நூறு வருட மரவீட்டில் இப்படிச் செய்ய ஒரு விளையாட்டு வாத்தியாரால்தான் முடியும்.

"இத மாத்து, டெரி. ஒவ்வொரு விளக்குக்கும் ரெண்டு வயர் இழு" என்றேன்.

"அட போப்பா. பன்னெண்டு வோல்ட்டு கடிக்காது மாப்ளே. நீ சுரங்கத்துலேர்ந்து இன்னும் வெளிய வரல."

வீட்டுக்குப் போய் முப்பது ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை அதன் கூட்டோடு கொண்டுவந்து, அவன் பாட்டரியிலிருந்து ஒரு சாணில் நானே பொருத்தினேன். 'மெயின், 30' என்று என் கையால் எழுதிச் சீட்டும் ஒட்டினேன். அந்த வீடு இரண்டரை வருடம் எரியாமல் நின்றது அந்த ஃபியூஸால்தான். இதை உங்கள் அறிக்கையில் ஒரு இடத்திலும் காணவில்லை.

எங்கள் பக்கம் வருடத்துக்கு ஒரு ஞாயிறு, செப்டம்பரில், இந்த மாதிரி வீடுகளை ஊருக்குத் திறந்துவிடும் வழக்கம் உண்டு. வாசலில் பச்சைப் பலகை வைப்போம். எங்கெங்கிருந்தோ காரில் வந்து, சுற்றிப் பார்த்து, கேள்வி கேட்டுவிட்டுப் போவார்கள். போன வருடம் நானும் டெரியும் பலகை வைத்தோம். நான் வாசலில் மேசை போட்டு, வருகைப் பதிவேடு ஒன்றும் புதுப் பேனாவும் வைத்தேன். ஒவ்வொரு விளக்கின் கீழும் அது எத்தனை வாட், ஏன் அங்கே இருக்கிறது என்று சின்ன அட்டை.

காலை ஒன்பதிலிருந்து உட்கார்ந்திருந்தேன். கார்கள் எல்லாம் டெரியின் வேலிக்கு வெளியே நின்றன. அவன் பார்பிக்யூ அடுப்பு போட்டு, சுட்ட இறைச்சி சாசேஜை ரொட்டியில் சுற்றிக் கொடுத்து, கலர் விளக்கைப் பாட்டுக்கு ஆட வைத்துக்கொண்டிருந்தான். அறுபத்து மூன்று பேர். நான் எண்ணினேன், வேறு வேலை இல்லை. வயர் கொத்துக்கொத்தாகத் தொங்கும் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள். வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

நாலு மணிக்கு மொய்ரா வேலியைத் தாண்டி வந்தாள். கையில் காகிதத்தில் சுற்றிய சாசேஜ்.

"நெவில், மூடிட்டீங்களா? பாக்கலாமா?"

எங்கள் ஊரில் என் பெயரை முழுதாகச் சொல்பவள் அவள் ஒருத்திதான். ஒவ்வொரு அட்டையையும் நின்று படித்தாள். என் படிக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, கையை நீட்டித் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

"இது கண்ணக் குத்தவே இல்லையே. ஆஸ்பத்திரியில ராத்திரி பூரா அந்த வெள்ளை வெளிச்சத்துல நின்னுட்டு வந்தா, வீட்ல அந்த மனுஷன் பச்சை சிவப்புன்னு போட்டு வெக்கறாரு. இங்கயே தூங்கிடலாம் போல இருக்கு."

பதிவேட்டில் 'அமைதியான வெளிச்சம். நன்றி, நெவில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் மறைக்க விரும்பவில்லை. அந்தச் சாசேஜ் ஆறிப்போயிருந்தது, முழுவதையும் சாப்பிட்டேன்.

இந்த ஜூலையில் ஊர்க் கூடத்தின் விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்ற முடிவு செய்தார்கள். யாரிடம் கேட்டிருப்பார்கள்? விசில் ஊதியவனிடம். வேலை தொடங்கும் முன் ஒரு சனிக்கிழமை மதியம் கூடத்தில் டெரி பேசினான். ஐம்பது நாற்காலி, ஒன்றும் காலியில்லை. நான் கடைசி வரிசையில் இருந்தேன்.

"பாட்டரி பக்கத்துல ஒரு ஃபியூஸ் வெக்கணும். இது நானா மண்டையப் போட்டு உருட்டிக் கண்டுபுடிச்சது. அது மட்டும் இல்லேன்னா மொய்ராவ அந்த ரூம்ல பகல்ல நிம்மதியாத் தூங்க விடுவேனா?"

எல்லாரும் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள். நானா கண்டுபிடித்தது என்றான், சார்ஜென்ட். என் சீட்டு ஒட்டிய என் ஃபியூஸ்.

"எதுக்கும் நம்ம நெவ் வீட்டுக்கும் போய்ப் பாருங்க. அங்க வயருக்கெல்லாம் நம்பர் உண்டு. கக்கூஸ் விளக்கு நம்பர் பதினாலு. பதினாலு எரியலேன்னா மனுஷன் காலைல வரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காந்திருப்பான்."

சிரித்தார்கள். அதை நான் பொறுத்துக்கொண்டேன். அடுத்து அவன் சொன்னது இது.

"போன வருஷம் அவன் வீட்டுக்கு ஒரு ஈ காக்கா போகல. பாவமேன்னு நான்தான் ஒரு சாசேஜக் குடுத்து மொய்ராவ அனுப்பி வெச்சேன்."

கூடம் அதிர்ந்தது. மொய்ரா இரண்டாவது வரிசையில் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அன்று வீட்டுக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்து அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவருமே வராத பதிவேடு கௌரவமானது. பரிதாபப்பட்டு ஒருவர் கையெழுத்துப் போட்ட பதிவேடு அப்படி இல்லை.

செப்டம்பர் வந்தது. திறந்த வீட்டு நாளுக்கு எட்டு நாள் முந்தின சனிக்கிழமை டெரி வேலியருகே நின்று கூப்பிட்டான்.

"மாப்ளே, அடுத்த ஞாயித்துக்கெழமை குழந்த குட்டியோட எல்லாம் வருவாங்க. செவ்வாக்கெழமை வந்து எல்லாத்தையும் ஒரு தடவ பாத்துச் சொல்லிடேன். உன் கண்ணுலேர்ந்து ஒண்ணும் தப்பாது."

என் கண்ணிலிருந்து ஒன்றும் தப்பாது என்று டெரிக்கே தெரிந்திருக்கிறது. உங்கள் தீ ஆய்வாளருக்குத்தான் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் போனேன். கூடத்தில் வேலை இருக்கிறது என்று சாவியைக் கொடுத்துவிட்டு டெரி போய்விட்டான். பாட்டரிப் பெட்டி பின் வராந்தாவில், மொய்ரா தூங்கும் அறைச் சுவரை ஒட்டி இருந்தது. பெட்டியிலிருந்து மேலே ஏறும் வயர் கூரைத் தகரத்தின் விளிம்பில் வளைந்து உள்ளே போகிறது. காற்றில் தகரம் ஆடி ஆடி, அந்த இடத்தில் வயரின் தோலைத் தேய்த்திருந்தது. நகத்தால் தொட்டுப் பார்த்தேன். காகிதக் கனம்கூட மிச்சமில்லை, உள்ளே செம்பு பளபளத்தது. டேப் சுற்ற ஒரு நிமிடம் போதும், என் பையில் டேப் இருந்தது.

நான் சுற்றவில்லை. இது முதல் விஷயம். இதை மட்டும் வைத்து நீங்கள் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை காற்றடித்து, கூட்டத்துக்கு நடுவே அத்தனை கலர் விளக்கும் பொசுக்கென்று அணைந்து, அந்த விசில்காரனின் மூக்கு உடையட்டும் என்று ஒருவன் நினைப்பதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை.

பிறகு ஃபியூஸைப் பார்த்தேன். 'மெயின், 30.' என் எழுத்து மங்காமல் இருந்தது. அது என் பொருள், எடுத்துக்கொண்டேன். ஆனால் அது இல்லாமல் விளக்கு எரியாது, எரியாவிட்டால் டெரி என்னைத்தான் கூப்பிடுவான். அதனால் அதன் இடத்தில் செப்புத் துண்டைப் பொருத்தினேன். ஏதோ ஒரு செப்புத் துண்டு என்று எழுதியிருக்கிறீர்கள், இது இரண்டாவது பிழை. அது இரண்டு மில்லிமீட்டர் தகட்டில் அளவாக வெட்டி, இரண்டு துளை போட்டு, ஓரங்களை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்திய துண்டு. டெரியால் ஜன்மத்துக்கும் அப்படி ஒன்றைச் செய்ய முடியாது. அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் வைத்திருக்கலாம் என்று எழுத உங்கள் ஆய்வாளருக்கு எப்படி மனம் வந்ததோ.

எப்போது வெட்டினேன் என்று கேட்கிறீர்கள். திங்கட்கிழமை, என் கொட்டகையில். ஃபியூஸ் கூட்டின் அளவு எனக்கு ஏற்கெனவே தெரியும்.

பெட்டியின் மூடியைக் கையில் எடுத்தபோது பின் ஜன்னல் திறந்தது. மொய்ரா அப்போதுதான் எழுந்திருந்தாள், கன்னத்தில் தலையணைக் கோடு.

"நல்ல வேளை, நெவில். உங்ககிட்ட தனியா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு ஹால்ல டெரி சொன்னது பொய். யாரும் என்னை அனுப்பல, நானாதான் வந்தேன். அங்க எழுந்து சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டுட்டேன். அது உறுத்திக்கிட்டே இருக்கு."

"பரவால்ல, மொய்ரா."

"உங்க நாற்காலி விளக்கு மாதிரி ஒண்ணு என் கட்டிலுக்குப் பக்கத்துல போட்டுத் தருவீங்களா? டெரிகிட்ட சொல்லாதீங்க, அவரு அதுல நீலம் போட்டுடுவாரு."

"செஞ்சு தரேன். ஞாயித்துக்கெழமை கழியட்டும்."

"அப்புறம் ஒரு உதவி. இந்த வாரம் புதன், வியாழன் ரெண்டு ராத்திரியும் எனக்கு டியூட்டி. வியாழக்கெழமை, வெள்ளிக்கெழமை பகல் முழுக்கத் தூங்கியாகணும். டெரி இங்க சுத்தியலத் தூக்கிட்டு வந்தா கொஞ்சம் சொல்லி வைங்க."

சொல்லி வைக்கிறேன் என்றேன். அவள் ஜன்னலை மூடினாள். பெட்டியின் மூடி இன்னும் என் கையில்தான் இருந்தது. நாலு ஸ்குரூ. நாலையும் இறுக்கிவிட்டுக் கூடத்துக்குப் போய்ச் சாவியைக் கொடுத்தேன். எப்படி இருக்கிறது என்று டெரி கேட்டான். நன்றாக இருக்கிறது என்றேன். என்னைக் கட்டிக்கொண்டான். அவன்மேல் சாசேஜ் கொழுப்பு வாடை.

காற்று ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் தென்மேற்கிலிருந்து வந்தது. நான் என் கூரையில் ஏணி போட்டு பேனல்களைக் கழுவிக்கொண்டிருந்தேன், வருகிறவர்களுக்குப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று. டெரியின் பின் வராந்தாக் கூரையிலிருந்து முதலில் மெலிதாக, பிறகு கறுப்பாகப் புகை வந்தது. எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டுதான் இருந்தன, பகலிலும் அவற்றை அணைக்கும் வழக்கம் அவனுக்குக் கிடையாது. அப்புறம் அவை மங்கின.

பேனலைப் பாதியில் விட்டால் சோப்புத் தண்ணீர் காய்ந்து திட்டுத் திட்டாகப் படிந்துவிடும். முடித்துவிட்டு இறங்கித் தீயணைப்புக் குழுவுக்குப் போன் செய்தேன். என் போன் நேரத்தைப் பத்து நாற்பத்தொன்று என்று சரியாகவே குறித்திருக்கிறீர்கள். நான் புகையைப் பார்த்தபோது பத்து இருபத்தெட்டு.

டெரி கூடத்திலிருந்து ஓடி வந்தான். மூன்று பேர் பிடித்து நிறுத்தினார்கள். பின் பக்கம் முழுவதும் விழுந்துவிட்டிருந்தது. பிறகு வேலியோரம் என் காலடியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ பாத்தியே, நெவ். நல்லா இருக்குன்னு சொன்னியே. அப்ப நான்தான் அதுக்கப்புறம் எதையோ கெடுத்திருக்கேன். நான்தானே அந்த வயர இழுத்தேன். நீ அப்பவே மாத்துன்னு சொன்னே. நான் கேக்கல. சொல்லுடா, நான்தானே?"

ஆமாம் டெரி, அப்போதே சொன்னேன் என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மூன்று வாரம் அவன் அப்படியே நம்பிக்கொண்டிருந்தான். நானும் ஒன்றும் சொல்லாமல் இருந்திருப்பேன். நேற்று உங்கள் அறிக்கை வந்தது. சாயங்காலத்துக்குள் கடைக்காரியிலிருந்து தபால்காரன் வரை, பாவம் நெவ், வயசாகிவிட்டது, கண்ணெதிரே இருந்ததைக் கோட்டை விட்டுவிட்டான் என்று பேசுகிறார்கள். டெரிகூட என் வீட்டுக்கு வந்து என் தோளைத் தட்டி, "விடு மாப்ளே, எனக்கு உன் மேல கோவம் இல்ல" என்று மன்னித்துவிட்டுப் போனான். டெரி என்னை மன்னிக்கிறான். கறுப்பு வயருக்கும் சிவப்பு வயருக்கும் வித்தியாசம் தெரியாதவன். இதைத் தாங்க முடியாமல்தான் இன்று காலை வந்தேன்.

ஆகவே அந்த வரியைத் திருத்துங்கள். நான் கவனித்தேன். வயரையும் கவனித்தேன், ஃபியூஸையும் கவனித்தேன், எல்லாவற்றையும் தெரிந்தே செய்தேன்.

நீங்கள் இப்போது கேட்டீர்களே, விளக்குகள் அணைந்து டெரி அவமானப்பட வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் தேய்ந்த வயரே போதுமே, ஃபியூஸ் அறுந்து விளக்கு தானாக அணைந்திருக்குமே, அதை ஏன் எடுத்தீர்கள் என்று. நல்ல கேள்வி. நான் சொன்னதை நினைவில் வைத்திருந்து கேட்டிருக்கிறீர்கள். வாட்டில் கல்லியில் ஒருவனுக்கும் இந்தக் கேள்வி தோன்றாது.

பதில் உங்களுக்கே தெரியும். அவமானத்துக்கு ஃபியூஸை எடுக்கத் தேவையில்லை. தீக்குத்தான் எடுக்க வேண்டும். தீ பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். எந்தச் சுவரில் முதலில் பிடிக்கும் என்றும் தெரியும். வியாழக்கிழமை காலை அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குவார் என்றும் தெரியும், அவளே சொன்னாள்.

ஆனால் மொய்ராவுக்குக் கெடுதல் செய்ய நினைத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது மூன்றாவது பிழையாகிவிடும். வேண்டுமானால் ஆள் அனுப்பி என் கொட்டகையில் பாருங்கள். மேசைமேல் துணி போட்டு மூடிய ஒரு விளக்கு இருக்கிறது. கட்டிலோரத்துக்கு, மூன்று வாட், மஞ்சள் வெளிச்சம், கண்ணைக் குத்தாது. புதன்கிழமை முழுவதும் உட்கார்ந்து செய்தேன். 'மொய்ரா' என்று சீட்டும் ஒட்டியிருக்கிறேன். அதன் வயரைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள், உள்ளே இரண்டு ஆம்பியரில் ஒரு ஃபியூஸ் இருக்கும். ஃபியூஸ் இல்லாத எதையும் நான் ஒருவர் தூங்கும் அறைக்குக் கொடுப்பதில்லை.